இரண்டாவது பண்ணையின் கேட்

முதல் நாள்

ப்ளஸ் ஒன் வணிகவியல் வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி, வங்கியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்பது. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் என்றார்கள், கேஷியர் என்றார்கள், வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் என்றார்கள். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. காப்பீட்டில்? ஏஜென்ட். பங்குச் சந்தையில்? யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும், தன் சித்தப்பா எந்நேரமும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், சித்தி எந்நேரமும் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார் என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள். இன்னும் இரண்டு வருடத்தில் என்ன படிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள். நிதித் துறையில் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கும் கிரெடிட் ஆபீசர் இருக்கிறார், சொத்துக்கு மதிப்புப் போடும் வேல்யூயர் இருக்கிறார், விபத்து நடந்த வண்டியைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதும் சர்வேயர் இருக்கிறார் என்று அவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை. தெரியாத வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தேன். ஆத்தூர், குமாரபாளையம், சேலம், கடைசியாக நாமக்கல். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கிளையில் என் முதுகுக்குப் பின்னால் ‘பட்டாசு மேடம்’ என்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்று நான்கு மாதம் சும்மா இருந்தேன். ஐந்தாவது மாதம், திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

அவருடைய யோசனை எளிமையானது. எருமப்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நிதி வேலைகளைப் பற்றி இரண்டு பேப்பர் நடத்துவது. சனிக்கிழமை வகுப்பு. பள்ளியில் அது கூடுதல் பாடம். அதே பேப்பர்களைக் கல்லூரியின் தேர்வு முறைப்படி எழுதித் தேறினால், பி.காம் பட்டத்துக்குச் சேர வேண்டிய கிரெடிட்டில் ஆறு முன்கூட்டியே சேர்ந்துவிடும். ஒரே படிப்பு, இரண்டு இடத்திலும் கணக்கு. ஆறு கிரெடிட்டும் வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரியில் சீட் உறுதி, முதல் செமஸ்டருக்குக் கட்டணம் கிடையாது. பாடத்திட்டம் எழுதித் தர வேண்டியது நான்.

நான் எழுதிய ரூல்

முதல் பேப்பரை எழுத ஒரு மாதம் ஆனது. என்னென்ன வேலை, அதற்கு என்ன படிக்க வேண்டும், காலையில் போனால் மாலை வரை என்ன செய்வார்கள், இதுதான் பாடம். வேலை பார்ப்பவர்களையே வகுப்புக்கு அழைத்து வந்து பேச வைத்தேன். ஒரு பெண் சர்வேயர் வந்து, கவிழ்ந்த லாரிக்கு அடியில் படுத்துப் போட்டோ எடுத்த கதையைச் சொன்னபோது பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

பிள்ளைகள் ப்ளஸ் டூவுக்கு வந்ததும் நடத்திய இரண்டாவது பேப்பர் கடன் ஆய்வு. அதில்தான் என் தலைக்கனம் முழுவதையும் கொட்டினேன். காகிதத்தை வைத்துக் கடன் கொடுக்கக் கூடாது, இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன் என்று எழுதினேன். நாமக்கல் பக்கம் என்றால் கோழிப்பண்ணை. ஆகவே ஒவ்வொரு மாணவரும் இரண்டு பண்ணைகளுக்கு நேரில் போய் இரண்டு ரிப்போர்ட் எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். வராதவருக்குக் கிரெடிட் கிடையாது, மறுவாய்ப்பும் கிடையாது. ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் காப்பி அடிப்பதை அலுவலகத்தில் வேண்டிய மட்டும் பார்த்தவள் நான். அதனால் மறுவாய்ப்பு கிடையாது என்ற வரிக்கு அடியில் கோடு வேறு போட்டேன்.

கல்லூரி வேன் கொடுக்க ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நாளைக்கு. அதனால் இரண்டு பண்ணையையும் ஒரே சனிக்கிழமையில் வைத்தேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் லோகநாதன் அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

அன்று மாலை தாரணி என்னிடம் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். ஆனால் பேசினால் சுற்றி வளைக்காமல் பேசுவாள். அவளுடைய அம்மா ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார், பண்ணைக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார்கள். அப்பா ரிக் லாரி டிரைவர், போர்வெல் போட ராஜஸ்தான் பக்கம் போனால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத்தான் வருவார். ப்ளஸ் டூ முடிந்ததும் அவளை நூல் மில்லில் வேலைக்குச் சேர்த்து அங்கேயே ஹாஸ்டலில் விடுவது என்று மாமா ஒருவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கல்லூரிச் சீட் கையில் வந்தால் மட்டும் அந்தப் பேச்சை நிறுத்திவிடுவதாக அவளுடைய அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும்.

“மேடம், நான் பண்ணைக்கு வர முடியாதுங்க. நாங்க பண்ணைக்குள்ள குடியிருக்கறோம். வேற பண்ணைக்குப் போகக் கூடாதுங்க. அப்புறம், ஒரே நாள்ல ரெண்டு பண்ணைக்குள்ள யாரையும் உடமாட்டாங்க மேடம்.”

வேலை செய்வது உன் அம்மா, உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கவில்லை. சாக்குப்போக்கு சொல்கிறவர்களுக்கு என் வகுப்பில் இடமில்லை, கிரெடிட் வேண்டுமானால் வேனில் ஏறு, வேண்டாமென்றால் வீட்டில் இரு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சரி என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேன்

அந்தச் சனிக்கிழமை இருபத்தொரு பேர் வேனில் ஏறினார்கள். தாரணி வரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளித் தேர்வாளர் சபாபதியிடம், ஒருத்தி ஆப்சென்ட், போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அவர் வேறொரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் திறந்தால் மூடும் வரை பேசமாட்டார். எழுதிக்கொண்டார்.

முதல் பண்ணை நன்றாகவே போனது. வாசலில் ஊதா நிற மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர், “இன்னிக்கு வேற பண்ணைக்குப் போகலைங்களே?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஷெட்டை அளந்தார்கள், ஜெனரேட்டரைப் பார்த்தார்கள், தீவனம் எத்தனை நாளுக்கு இருப்பு இருக்கிறது என்று விசாரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புளிசாதம் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது பண்ணைக்குப் போனோம்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே நின்ற பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலோர சீட்டில் இருந்த பையன் பளிச்சென்று சொல்லிவிட்டான், காலையில் ஒரு பண்ணை பார்த்தோம் என்று. பெரியவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் இறங்கிப் போய், கல்லூரியிலிருந்து வருகிறோம், உங்கள் முதலாளியிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

“கோவிச்சுக்காதீங்கம்மா. அங்க இருக்கற சீக்கு உங்க செருப்புல வரும், துணில வரும். ஒரு ஷெட்டுல புடிச்சா அத்தனையும் போயிருமுங்க. மூணு நாள் கழிச்சு, தலைக்குக் குளிச்சு, வேற துணி போட்டுட்டு வாங்க. நானே சுத்திக் காட்டறேன்.”

காலையில் ஏன் அந்தக் கேள்வி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாரணி சொன்னதும் விளங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. வேனைத் திருப்பச் சொன்னேன்.

வேனில் திரும்பும்போது சபாபதி தாளைப் பார்த்தபடியே சொன்னார். “இருபத்தொரு பேருக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன்தான் முடிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணுக்கு அதுவும் இல்ல. ரெண்டும் முடிச்சாத்தான் கிரெடிட், மறுவாய்ப்பு இல்லைன்னு இருக்கு. ரூல் நீங்க எழுதினது மேடம். நான் அழிக்க முடியாது.”

நான் அழிக்கச் சொல்லவில்லை.

தாரணியின் அம்மா

நீங்கள் கேட்கலாம், முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவளுக்கு, அதிலும் நாமக்கல் கிளையில் இருந்தவளுக்கு, இது எப்படித் தெரியாமல் போனது என்று. நியாயமான கேள்வி. குமாரபாளையத்தில் விசைத்தறி விசைத்தறியாக ஏறி இறங்கியவள் நான். ஆத்தூரில் மரவள்ளிக் காட்டுக்குள் நடந்திருக்கிறேன். ஆனால் நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கடனுக்குத் தனியாக ஒரு தொழில்நுட்ப அதிகாரி இருந்தார். அவர் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போட்ட எந்த ஷெட்டுக்குள்ளும் என் கால் பட்டதில்லை. இடத்துக்குப் போய்ப் பார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எழுதியவளின் லட்சணம் இது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் லோகநாதனை அழைத்துக்கொண்டு தாரணி இருந்த பண்ணைக்குப் போனேன். கேட்டைத் தாண்டக் கூடாது என்று இப்போது புத்தி வந்திருந்தது. வெளியே ரோட்டிலேயே நின்று சொல்லி அனுப்பினோம். தாரணியின் அம்மா தலையில் துணியைக் கட்டியபடி வந்தார். மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று பயந்துபோய் வந்திருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பிறகு அவரே விவரம் சொன்னார். குவார்ட்டர்ஸில் குடி வைக்கும்போதே முதலாளி போட்ட கண்டிஷன். வீட்டில் கோழி, வாத்து வளர்க்கக் கூடாது. குடும்பத்தில் யாரும் வேறு பண்ணைக்குள் போகக் கூடாது. உறவுக்காரர் கோழி வளர்த்தால் அவர் வீட்டுக்குப் போய்த் தங்கக் கூடாது. மீறினால் வேலையும் போகும், வீடும் போகும்.

“அவ ராத்திரி பூரா அழுதாளுங்க மேடம். வேன்ல ஏறுனா எனக்கு வேலை போயிரும், ஏறலைன்னா அவளுக்குக் காலேஜ் போயிரும். நாந்தான் போயிட்டு வா சாமி, யாருக்குத் தெரியப் போவுதுன்னேன். அவ கேக்கல. கோழிக்குத் தெரியும்மான்னுட்டா.”

தாரணி அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்மேல் கோபமாக இருந்தாள். இருக்கத்தான் வேண்டும். உன் கிரெடிட்டுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது என் கையில் இல்லை, கல்லூரியின் அகாடமிக் கவுன்சில் கையில் இருந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கவுன்சில்

கூட்டத்தில் எங்கள் விஷயம் கடைசியாக வந்தது. அதற்குள் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சபாபதியும் வந்திருந்தார், அவருடைய அறிக்கையை வாசித்தார்கள். ஒரு துறைத் தலைவர், ஆரம்பத்திலேயே ரூலைத் தளர்த்தினால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா கிரெடிட் கொடுக்கிறோம் என்ற பெயர் வரும், இந்த வருடம் விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் தாரணிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அதற்குள் மில் வேன் வந்துவிடும்.

எழுந்தேன். பேச எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன். ரூல் தவறு, அதை எழுதியவள் நான், பண்ணைக்குள் போகாமலே பண்ணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவள் எழுதிய ரூல் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அங்கே வெளி உறுப்பினர்களாக எனக்குத் தெரிந்த வங்கிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணவி முன்கூட்டியே எச்சரித்தாள், நான்தான் சாக்கு என்று தள்ளினேன் என்பதையும் சொன்னேன்.

கவுன்சிலில் நிர்வாகத்தின் சார்பாக ஒருவர் உண்டு, கந்தசாமி. எப்போதும் மூலையில் உட்கார்ந்து, டீ வந்தால் குடித்துவிட்டுப் போகிறவர். அவருக்கு இரண்டு மூன்று கோழிப்பண்ணைகள். அன்றுதான் முதல் முறையாக அவர் பேசிக் கேட்டேன்.

“அந்தப் புள்ளை எந்தப் பண்ணைல இருக்குதுங்க?”

பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். அவருடைய பண்ணையாகவே இருந்து, ஏதாவது வம்பாகிவிட்டால்? அவருக்குப் புரிந்தது. லேசாகச் சிரித்தார்.

“சொல்ல வேண்டாங்க. அந்தப் புள்ளை வராததுதான் சரி. வந்திருந்தாத்தான் நீங்க ஃபெயில் போட்டிருக்கோணும். உங்க இன்ஸ்பெக்‌ஷன்ல அன்னிக்குப் பாஸானது அது ஒண்ணுதானுங்க.”

யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சபாபதி பேனாவை மூடினார். விஷயம் இப்படி முடிந்தது. இருபத்தொரு பேரும் கேட்டில் நின்ற பெரியவர் சொன்னபடி மூன்று நாள் விட்டு, குளித்து, துணி மாற்றி இரண்டாவது பண்ணைக்குப் போக வேண்டும். பண்ணையில் குடியிருக்கிறவர்கள் கோழிப்பண்ணைக்குப் பதிலாக வேறு இரண்டு தொழில்களைப் பார்க்கலாம். ஆனால் சபாபதி நேரில் இருக்க வேண்டும், சலுகை மார்க் கிடையாது. சலுகை வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

லீவர் பிடி

தாரணி முதலில் ஒரு ஜவ்வரிசி ஆலையைப் பார்த்தாள். ரிப்போர்ட் பரவாயில்லை ரகம். பயந்து பயந்து எழுதியிருந்தாள். சபாபதி பாஸ் மார்க்குக்கு ஒரு விரற்கடை மேலே போட்டார். இரண்டாவது, திருச்செங்கோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விற்பனைக்கு நின்றிருந்த பழைய ரிக் லாரி. அதற்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தால் என்ன எழுதுவாய் என்பது கேள்வி. லாரி பளபளவென்று புது பெயின்ட்டில் நின்றது. கம்ப்ரஸர் மீட்டர் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓடியிருப்பதாகக் காட்டியது. நானாக இருந்தால் அதை அப்படியே குறித்துக்கொண்டு இறங்கியிருப்பேன்.

தாரணி மேலே ஏறி, துளை போடுகிற டிரில்லர் நிற்கும் இடத்தில் நின்றாள். அங்கே வரிசையாக இருந்த லீவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒர்க்‌ஷாப்காரரைக் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, ஆயிரம் மணி நேரத்துக்கு லீவர் பிடி இவ்வளவு தேயுமுங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். மீட்டர் போன வருடம் மாற்றியது என்று ஒத்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார். பழைய மீட்டர் எங்கே என்று அடுத்து கேட்டாள். அவர் உள்ளே போய் எடுத்து வந்தார். இரண்டையும் கூட்டி எழுதிக்கொண்டு இறங்கினாள். சபாபதி பேனாவைத் திறந்தார். தாளில் அவர் போட்ட மார்க்கைத் தூரத்திலிருந்தே பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். ஒர்க்‌ஷாப்பில் தூசிக்கா பஞ்சம்.

இப்போது

அந்த முதல் பேட்ச்சில் பத்தொன்பது பேருக்கு ஆறு கிரெடிட்டும் கிடைத்தது. மூன்று பேர் எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் மறுபடி எழுதித் தேறினார்கள். மறுவாய்ப்பு இல்லை என்ற வரியை நான்தான் அடித்தேன், அடியில் போட்ட கோட்டையும் சேர்த்து. இந்தப் பாடத்தை இப்போது வேறு பள்ளிகளிலும் நடத்துகிறார்கள். ஜேடர்பாளையம் பக்கம் வெல்ல ஆலையைப் பார்க்கிறார்கள், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி. பாடத்திட்டத்தை என்னைவிட இளையவர்கள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். யாராவது “முடியாதுங்க மேடம்” என்றால், ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். இது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

தாரணி பி.காமில் சேர்ந்தாள். அடையாள அட்டை வாங்கிய அன்று, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று, மேடம் என்று கூப்பிட்டாள்.

“உள்ள வா சாமி, ஏன் அங்கயே நிக்கற?” என்றேன்.

“இருக்கட்டுங்க மேடம். பக்கத்து ஊட்டுக் கோழி உங்க வாசல்ல மேயுதுங்க. அம்மா இன்னும் பண்ணைலதான் இருக்கறாங்க.”

அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வேப்பமர நிழலில் போட்டேன். தாரணி உட்காரவில்லை. நாற்காலியின் கால்களைப் பார்த்தாள்.

“இது வெளிய கெடந்ததுங்களா மேடம்?”

“இல்ல சாமி, ஹாலுக்குள்ள இருந்தது. தூக்கிட்டேதான் வந்தேன், வாசல்ல எங்கயும் வெக்கல.”

“அப்பச் சரிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.